சைக்கிளோடு கூடப் போகவேண்டிய பை

சென்ற மாரியில் ஒருநாள், விடிவதற்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கும். தெல்லிப்பளையிலிருந்து சுன்னாகம் போகும் வீதியில் ஒரு தாய் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதைக் கண்டோம். கரியரில் இரண்டு உரப்பை கத்தரிக்காய். ஹாண்டிலில் ஒரு பை பயிற்றங்காய். ஏறி மிதிக்கவேண்டிய சைக்கிளை ஏன் தள்ளுகிறார் என்று நிறுத்திப் பார்த்தோம். பின் ரயர் தரையோடு ஒட்டிக் கிடந்தது.

"முள்ளுக் குத்திப்போட்டுது போல, பாதர்" என்றார்.

பக்கத்து வீட்டில் பம் வாங்கி அடித்தோம். அடிக்க அடிக்கக் காற்றுப் போயிற்று. ரோச் வெளிச்சத்தில் ரயரைச் சுற்றிப் பார்த்தோம். முள்ளும் இல்லை, ஆணியும் இல்லை. கடைசியில் வால்கட்டையில் எச்சில் தொட்டு வைத்தபோது குமிழ் வந்தது. வால்கட்டையைப் போர்த்தியிருக்கும் அந்தச் சின்ன றப்பர் குழாய் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. அவ்வளவுதான். ஒரு பிளேன்ரீயின் விலைக்கு அந்த றப்பரில் ஒரு சாண் நீளம் வாங்கலாம். ஆனால் அந்த நேரத்தில் எந்தக் கடையும் திறந்திருக்கவில்லை. அவரிடமும் றப்பர் இல்லை. எம்மிடமும் இல்லை.

அவர் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது மொத்தமாக வாங்குவோர் லொறிகளை நிரப்பிக்கொண்டு புறப்பட்டுவிட்டனர். சில்லறையாக அரைவிலைக்கு விற்றுவிட்டுத் திரும்பியதாகப் பின்னர் சொன்னார். இரண்டு கிழமை தண்ணீர் இறைத்த உழைப்பின் பாதி, ஓர் அங்குல நீளமும் இல்லாத றப்பர் துண்டோடு போயிற்று.

அந்தத் தாயின் குடும்பம் 1990 ஜூன் மாதத்தில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தது. அப்போது அவர் பாவாடை கட்டிய சிறுமி. காணியில் ஒரு பகுதி பல வருடங்களின் பின்னர் விடுவிக்கப்பட்டது. வீடு இருந்த இடத்தில் அத்திவாரக் கல்லும் பற்றையும்தான் மிஞ்சியிருந்தன. ஆகவே இருப்பது ஓரிடம், தோட்டம் செய்வது வேறிடம், விற்பது இன்னோரிடம். இந்த மூன்றையும் சேர்த்துக் கட்டிவைத்திருக்கும் கயிறு அந்தச் சைக்கிள்தான். எமது வாசகர்களில் அநேகரின் நிலையும் இதுவே. ஆகையால் இம்முறை விதையைப் பற்றியோ உரத்தைப் பற்றியோ எழுதாமல், சைக்கிளோடு கூடவே கொண்டுபோகவேண்டிய கருவிகளையும் உதிரிச் சாமான்களையும் பற்றி எழுதுகிறோம்.

பழைய பழக்கம் ஒன்று

குடாநாட்டு மக்களுக்குச் சைக்கிளைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1990இல் போர் மீண்டும் தொடங்கியதும் மின்சாரம் நின்றது. பெற்றோலும் டீசலும் பற்றரியும் தடைப்பட்டன. அதன் பின் நெல்லும் வெங்காயமும் நோயாளியும் மணப்பெண்ணும் சைக்கிளிலேயே போயினர். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுழற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட நாட்கள் அவை. ரயர் கிடைக்காதபோது பழைய ரயர் துண்டை உள்ளே வைத்துத் தைத்து ஓடினோம். கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து வவுனியா வரை போய்ச் சாமான் ஏற்றி வந்தவர்களும் சைக்கிள்காரர்களே.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வீதிக்கு வந்தது. கொட்டும் மழையில் செம்மணியையும் நாவற்குழிப் பாலத்தையும் தாண்டித் தென்மராட்சிக்குப் போன அந்தச் சனத்திரளில், பதின்ம வயதுப் பையனாக நாமும் ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனோம். கரியரில் அரிசி மூட்டை, பாரில் தம்பி. எமது தகப்பனார் புறப்படும்போது எடுத்த முதற் பொருட்களில் ஒன்று, சீற்றுக்குக் கீழே தொங்கிய தோற்பை. காணி உறுதியும் அடையாள அட்டைகளும் ஒரு பையில். ஸ்பனரும் ஒட்டுச் சாமானும் மற்றப் பையில். அந்த இரண்டாவது பைக்காகக் கைதடியில் எத்தனை பேர் எங்களிடம் வந்தார்கள் என்பது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

அந்தப் பை இப்போது சைக்கிள்களில் இல்லை. மோட்டார் சைக்கிள் வந்தது, சந்திக்குச் சந்தி கடை வந்தது, பழக்கம் விட்டுப்போனது. 2022இல் நாடு முழுவதும் எரிபொருள் இல்லாமற் போனபோது மூலையில் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் வெளியே வந்தன. புதிய சைக்கிளின் விலையும் ரயர், ரியூப் விலையும் கடுமையாக ஏறின. அப்போதும் பையை மட்டும் யாரும் திரும்பத் தைக்கவில்லை.

மலையில்லாத ஊரில் மலைச் சைக்கிள்

இங்கே நாம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். மீள்குடியேறிய குடும்பங்களுக்குச் சைக்கிள் கொடுக்கும் திட்டம் ஒன்றில் சில வருடங்களுக்கு முன் நாமும் பங்குபற்றினோம். கொடுக்கப்பட்டவை பளபளப்பான கியர் சைக்கிள்கள், அதாவது மலைச் சைக்கிள்கள். படம் எடுத்தோம், கைகுலுக்கினோம், அறிக்கை எழுதினோம். ஒன்றரை வருடம் கழித்து அந்தப் பக்கம் போனபோது பல சைக்கிள்கள் வேலியோடு சாய்ந்து நின்றன. ஒன்றுக்குக் கியர் கம்பி அறுந்திருந்தது. ஒன்றுக்கு ரயர் கிடைக்கவில்லை. இன்னொன்றின் பெடற் கை கழன்று விழுந்திருந்தது, அதை இறுக்கும் அலன் கீ அந்தக் கிராமத்திலேயே இல்லை. சைக்கிளைக் கொடுத்தோமே தவிர, அதற்குரிய சாவியைக் கொடுக்கவில்லை. அந்தக் குற்றம் மக்களுடையதன்று.

2004 டிசம்பர் ஆழிப்பேரலையின் பின்னர் 2005இல் உருவான உலக சைக்கிள் நிவாரணம் என்ற அமைப்பு, இலங்கையில் 24,000க்கும் மேற்பட்ட சைக்கிள்களை வழங்கியது. அதே அமைப்பு பின்னர் ஆபிரிக்காவில் சாம்பியாவுக்குப் போனபோது, சைக்கிளோடு கிராமத்துத் திருத்துநர்களையும் பயிற்றுவித்துக் கருவிகளோடு நிறுத்தியது. சைக்கிளை விடத் திருத்தும் கை முக்கியம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எமக்குத் தெரியவில்லை.

மலைச் சைக்கிள் கெட்ட சாமான் என்று சொல்லவில்லை. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் பழைய பாரச் சைக்கிள்களைத் திருத்திக் குன்றிலிருந்து இறங்கி ஓடியதிலிருந்து பிறந்தது அது. இறங்கும்போது பின்சில்லின் பிறேக் சூடாகிக் கிறீஸ் எரிந்து போகுமாம். ஒவ்வோர் ஓட்டத்தின் பின்னும் கழற்றிப் புதிதாகக் கிறீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பந்தயத்துக்கே 'மறுபடி அடைத்தல்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். ஆக, அந்தச் சைக்கிளின் பிறப்பே திருத்து வேலையோடு சேர்ந்ததுதான். எமது குடாநாட்டிலோ மலை என்று பெயருக்கு இருப்பது கீரிமலை மட்டும், அங்கேயும் ஏறுவதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் அகலமான ரயர் செம்பாட்டு ஒழுங்கைக்கும் மணலுக்கும் நல்லது. பாரமும் தாங்கும். பிரச்சினை என்னவென்றால், பழைய பெரிய சைக்கிளுக்குரிய பையும் மலைச் சைக்கிளுக்குரிய பையும் ஒன்றல்ல. எந்தச் சைக்கிளோ அதற்கேற்றபடி பையைக் கட்ட வேண்டும்.

காற்றுப் போனால்

வீதியில் நிற்கவைக்கும் கோளாறுகளில் பெரும்பாலானவை காற்றுச் சம்பந்தமானவை. ஆகவே பையில் பாதி இதற்கே.

முதலில் வால்கட்டை. பெரிய சைக்கிளின் வால்கட்டைக்கு ஒரு சாண் நீள றப்பர் குழாயைச் சுருட்டிச் சிறு பொலித்தீனில் வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை புதிதாக வாங்குங்கள், ஏனெனில் பையில் இருந்தாலும் அது காயும். மாற்றும்போது குழாயை எச்சிலால் நனைத்து, வால்கட்டையின் பக்கத் துளை முழுதாக மூடும்வரை ஏற்ற வேண்டும். காற்றுப் போனால் ரயரைக் கழற்றுமுன் முதலில் வால்கட்டையைப் பாருங்கள். அந்தத் தாயின் சைக்கிளில் நாமே இதைக் கடைசியாகத்தான் பார்த்தோம்.

மலைச் சைக்கிள்களில் அநேகமாக மோட்டார் வாகனத்துக்குரிய வால்வு இருக்கும். பெரிய சைக்கிளின் கைப்பம் அதில் பொருந்தாது. பம்மை வாங்கும்போதே உங்கள் சைக்கிளைக் கடைக்குக் கொண்டுபோய் அடித்துப் பாருங்கள். பம்மை இரவல் வாங்கலாம் என்று நினைக்கவும் வேண்டாம். அயலவரின் பம் உங்கள் வால்வுக்குப் பொருந்தாவிட்டால் இருந்தும் இல்லாதது போலத்தான். உள்ளூர் வால்கட்டை வைத்த ரியூப்பை மலைச் சைக்கிளுக்குப் போடலாம், றிம்மின் துளை அதற்குப் போதும். ஊர்ப் பம்மோடு ஒத்துப்போக இது நல்ல வழி.

ஒட்டுப் போடுவதற்குச் சொலூசன் குழல் ஒன்று, சில ஒட்டுத் துண்டுகள், சிறு அரத்தாள் துண்டு. சொலூசன் ஒருமுறை திறந்தால் சில மாதத்தில் உலர்ந்துவிடும். ஆகவே பெரிய குழல் வேண்டாம், திறக்காத சிறிய குழல் ஒன்றே போதும். துளையைச் சுற்றி அரத்தாளால் உரசி, தூசி தட்டி, மெல்லிதாகப் பூசி, பளபளப்புப் போய்க் கையில் ஒட்டாத நிலை வரும்வரை பொறுத்திருந்து பின்னரே ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். அநேகர் பிழைவிடுவது இந்தப் பொறுமையில்தான். ஈரத்தோடு ஒட்டிய ஒட்டு அடுத்த சந்தியில் கழன்று வரும்.

ஒட்டுப் போட்ட கையோடு ரயரின் உட்பக்கத்தைச் சீலைத்துண்டால் சுற்றித் துடைத்துப் பாருங்கள். முள் அங்கேயே நின்றால் பத்து நிமிடத்தில் திரும்பவும் குத்தும். விடுவிக்கப்பட்ட காணிகளில் நெருஞ்சியும் உடைமுள்ளும் மட்டுமல்ல, துருப்பிடித்த முட்கம்பித் துண்டும் இடிந்த வீட்டு ஆணியும் மண்ணோடு கலந்து கிடக்கின்றன. விரலால் தடவாமல் சீலையால் தடவச் சொல்வது அதற்காகத்தான். ரியூப்பில் பாம்பு கடித்ததுபோல இரண்டு துளை பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அது முள்ளின் வேலையல்ல. காற்றுக் குறைந்த ரயர் பாரத்தோடு கிடங்கில் விழுந்து, ரியூப் றிம்மில் நசுங்கியிருக்கிறது. அதற்கு மருந்து, மூட்டை கட்டுவதற்கு முன் பெருவிரலால் அமர்த்திப் பார்த்துக் காற்றடிப்பதுதான்.

ரயரைக் கிளப்ப இரண்டு லீவர் வேண்டும். பழைய எவர்சில்வர் கரண்டிகளின் காம்புகளே போதும். ஸ்குறூ றைவரால் கிளப்பினால் ஒரு துளைக்கு இரண்டு துளை கிடைக்கும்.

இங்கே சைக்கிளுக்குச் சைக்கிள் வேறுபாடு உண்டு. பெரிய சைக்கிளின் பின்சில்லைக் கழற்றுவது செயின் கவரோடும் ஸ்ராண்டோடும் மல்லுக்கட்டும் வேலை. சில்லைக் கழற்றாமலே ரயரின் ஒரு பக்கத்தைக் கிளப்பி, ரியூப்பின் அந்தப் பகுதியை மட்டும் வெளியே இழுத்து ஒட்டுப் போடலாம். ஆகவே பெரிய சைக்கிளுக்கு மாற்று ரியூப் கொண்டுபோவது வீண், ஒட்டுச் சாமான் போதும். மலைச் சைக்கிளில் சில்லு இலகுவாகக் கழலும். அதற்கு மாற்று ரியூப் ஒன்றை மடித்து வைத்துக்கொண்டு, இருட்டிலும் மழையிலும் அதை மாற்றிவிட்டு, கிழிந்ததை வீட்டில் ஒட்டிக்கொள்ளலாம். மழையில் ஒட்டு ஒட்டாது என்பதை நினைவில் வையுங்கள்.

ரயர் வாங்கும்போது ஒரு பொறி இருக்கிறது. 26 அங்குலம் என்று எழுதியிருப்பவை எல்லாம் ஒன்றல்ல. சாதாரண 26 x 1⅜ ரயரின் பக்கத்தில் 590 என்ற இலக்கம் இருக்கும். 26 x 1.95 போன்ற மலைச் சைக்கிள் ரயரில் 559 என்று இருக்கும். ஒன்று மற்றதன் றிம்மில் ஏறாது. பெரிய 28 x 1½ ரயருக்கு 635. அங்குலக் கணக்கை விட்டுவிட்டு இந்த மூன்று இலக்கங்களைப் பார்த்து வாங்குங்கள். உங்கள் ரயரின் இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிப் பையில் வைத்தால், பட்டணத்துக்குப் போகும் யாரிடமும் சொல்லி விடலாம்.

ரயரே வெடித்து ரியூப் வெளியே தள்ளினால், பழைய ரயரில் வெட்டிய உள்ளங்கையளவு துண்டை உட்பக்கமாக வைத்துக் காற்றடித்து வீடு வரலாம். அந்தத் துண்டும் பையில் இருக்கட்டும்.

காற்றில்லாமல் றிம்மிலேயே ஓடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு திரும்பிய எமது ஊர்ப் பெரியவர்கள் ஒரு கதை சொல்வதுண்டு. 1941 டிசம்பரில் மலாயாவில் இறங்கிய ஜப்பானியப் படை சைக்கிளில் சிங்கப்பூரை நோக்கி வந்தபோது, ரயர் வெடித்தாலும் நிற்காமல் வெறும் றிம்மிலேயே ஓடினார்களாம், அந்தச் சத்தம் தாங்கி வண்டி வருவதுபோல் இருந்ததாம். ஆனால் அவர்களுக்கு ஒரு சைக்கிள் முறிந்தால் வழியில் நின்ற இன்னொருவரின் சைக்கிளைப் பறிக்கலாம். உங்களுக்கு இருப்பது ஒன்று. றிம் நெளிந்தால் ஓட்டுக்குப் போகும் காசு றிம்முக்குப் போகும். இறங்கித் தள்ளுங்கள், கரியர் மூட்டையை முன்னுக்கு நகர்த்தித் தள்ளுங்கள்.

செயினும் கொட்டர்பின்னும்

செயின் அறுவது அரிது. அறுந்தால் முற்றாக நின்றுவிடும். பெரிய சைக்கிளின் செயினில் கழற்றிப் பூட்டும் கண்ணி ஒன்று உண்டு. அதைப் போல இன்னொன்றைப் பையில் வையுங்கள். அதன் சிறிய பூட்டுத் தகட்டின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையை நோக்க வேண்டும். மாறிப் போட்டால் தட்டுப்பட்டுக் கழன்றுவிடும். கியர் சைக்கிளின் செயின் ஒடுங்கலானது, பெரிய சைக்கிளின் கண்ணி அதற்குச் சரிவராது. அதற்கு, செயின் ஆணியைத் தள்ளும் கைக்கருவி ஒன்று வேண்டும். கியர் மாற்றும் பகுதி முறிந்து சில்லோடு சிக்கினால், அந்தக் கருவியால் செயினைக் குறுக்கி நடுப் பல்லில் நேரே பூட்டி, ஒரே கியரில் வீடு வந்து சேரலாம்.

பெரிய சைக்கிள்களில் பெடற் கையைப் பிடித்திருப்பது கொட்டர்பின். மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டால், இரண்டு பெடலும் ஒரே நேர்கோட்டில் நில்லாமல் ஒன்று பின்தங்கினால், கொட்டர்பின் தளர்ந்துவிட்டது. "சந்தை மட்டும் போய் வந்து பார்ப்போம்" என்று மிதித்தால் பெடற் கையின் துளையே அகன்றுவிடும். பின் மலிவு, பெடற் கை மலிவன்று. ஒரு பின்னும் அதன் நட்டும் வொசரும் பையில் இருக்கட்டும். பெடற் கைக்குக் கீழே கல்லை முண்டு கொடுத்து, பின்னைத் தட்டி இறக்கிய பிறகே நட்டை இறுக்க வேண்டும். நட்டை முறுக்கிப் பின்னை இழுக்க முனைந்தால் மரை போய்விடும். மலைச் சைக்கிளில் கொட்டர்பின் இல்லை, பெடற் கையை நடுவில் ஒரு போல்ற் பிடிக்கும். அது பெரும்பாலும் 8 மில்லிமீற்றர் அலன் கீ, அல்லது 14 மில்லிமீற்றர் குழல் ஸ்பனரைக் கேட்கும். வாங்கிய முதல் மாதத்தில் இரண்டு மூன்று தடவை அதை இறுக்கிப் பாருங்கள். வேலியோடு சாய்ந்து நின்ற சைக்கிள்களில் ஒன்று போனது இதனாலேதான்.

இன்னொன்று. இடது பெடலின் மரை எதிர்ப் பக்கம் சுற்றுவது. வலப்பக்கம் போலவே இதையும் திருகிப் பலங்கொண்டமட்டும் இறுக்கிப் பெடலையே நாசமாக்கியவர்கள் உண்டு.

தட்டுவதற்குக் கல்லோ இரும்போ தேடிப் பற்றைக்குள் இறங்க வேண்டாம். பல வருடம் ஆளில்லாமல் கிடந்த காணிகளில், தெரியாத இரும்பு எதையும் தொடக்கூடாது என்பது உங்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதல்ல. ஆனால் அவசரத்தில் கை தானாகப் போகும். கைப்பிடியளவு கல் ஒன்றை வீட்டிலிருந்தே பையில் போடுங்கள்.

கம்பி, பிறேக், நட்டு

பாரம் ஏற்றும் சைக்கிளில் பின்சில்லின் கம்பிகள்தான் முறியும். பெரிய சைக்கிளின் பின்சில்லில் 40 கம்பி, முன்சில்லில் 32. ஒன்று முறிந்தால் அதைப் பக்கத்துக் கம்பியோடு சுற்றிவிட்டு மெதுவாகப் போகலாம். இரண்டு மூன்று முறிந்தபின் ஓடினால் றிம் நெளியும். அளவான கம்பி இரண்டை நிப்பிளோடு சேர்த்துப் பாரின் கீழ் ரியூப் வாரால் கட்டிவையுங்கள். பிறீவீல் பக்கம் முறிந்தால் வழியில் ஒன்றும் செய்ய முடியாது, அது கடை வேலை.

பெரிய சைக்கிளின் கம்பிப் பிறேக்கில் அறுவதற்கு ஒன்றும் இல்லை, நட்டுக் கழன்று கட்டை விழுவதே நடக்கும். மலைச் சைக்கிளுக்கு உட்கம்பி ஒன்று வேண்டும். பின் பிறேக்குக்குரிய நீளமானதை வாங்கினால் முன்னுக்கும் உதவும். பிறேக் கட்டை தேய்ந்த சைக்கிளில் மாரியில் நூறு கிலோ ஏற்றிக்கொண்டு பஸ் ஓடும் வீதியில் இறங்குவதைப் பற்றி நாம் எதுவும் எழுதவேண்டிய அவசியமில்லை.

ஸ்பனர்களைப் பெட்டியோடு காவத் தேவையில்லை. மலைச் சைக்கிளுக்கு 4, 5, 6 மில்லிமீற்றர் அலன் கீ மூன்றும், 10, 15 மில்லிமீற்றர் ஸ்பனர்களும் ஏறக்குறைய எல்லாவற்றையும் பிடிக்கும். பெரிய சைக்கிளுக்குப் பல கண் உள்ள தட்டை ஸ்பனர் ஒன்றும் குறடு ஒன்றும் போதும். வீட்டில் ஓய்வாக இருக்கும்போது ஒவ்வொரு நட்டிலும் வைத்துப் பாருங்கள், பொருந்தாத ஸ்பனர் வெறும் பாரம்.

கடைசியாக, கட்டுக்கம்பி ஒரு முழமும் பழைய ரியூப்பில் அறுத்த நீள வார் இரண்டும். முறிந்த மட்காட்டைக் கட்டவும், கழன்ற கரியரை இழுத்துப் பிடிக்கவும், மூட்டை சரியாமல் இறுக்கவும் இதைவிடச் சிறந்த சாமானை நாம் காணவில்லை. எண்ணெய் வீட்டில் விடுங்கள். தேங்காயெண்ணெய் விட வேண்டாம், கொஞ்ச நாளில் பிசுபிசுத்துச் செம்மண்ணை எல்லாம் பிடித்துக்கொள்ளும்.

பையும் கையும்

பை எதுவாகவும் இருக்கலாம். பழைய டெனிம் காற்சட்டையின் ஒரு காலை வெட்டித் தைத்தால் நன்றாக உழைக்கும். ஒரு பாட்டி வெற்றிலை போட வைத்திருந்த கொட்டப்பெட்டியில் ஒட்டுச் சாமானை அடக்கிக் கொடுத்ததையும் கண்டோம். ஓலை காற்றோட்டமானது, சாமான் துருப்பிடிப்பது குறைவு. ஸ்பனர்களைச் சீலையில் சுற்றி வைத்தால் சத்தமும் இராது, ரியூப்பையும் அறுக்காது. சந்தையில் சைக்கிளை நிறுத்தும்போது பையைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க இயலாதவர்கள் வால்கட்டை றப்பர், ஒட்டுச் சாமான், இரண்டு கரண்டிக் காம்பு, பம் என்று தொடங்கலாம். பம் விலையானது. ஒரே ஒழுங்கையிலிருந்து சந்தைக்குப் போகும் மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கி, முன்னுக்குப் போகிறவரின் சைக்கிளில் அல்ல, கடைசியாகப் போகிறவரின் சைக்கிளில் கட்டிவிடலாம். முன்னுக்குப் போனவர் திரும்பிப் பார்க்கமாட்டார், கடைசியில் வருபவர் எல்லோரையும் கடந்தே ஆகவேண்டும்.

இன்னொரு காரியம். எமது வீடுகளில் சைக்கிள் திருத்துவது ஆண்பிள்ளையின் வேலை என்று விட்டுவிடுகிறோம். ஆனால் போரின் பின் எத்தனை வீடுகளில் ஆண்பிள்ளை இருக்கிறான்? சந்தைக்குப் போவது தாய், ரியூசனுக்குப் போவது மகள். மாலை ஆறு மணிக்குப் பிறகு ஒழுங்கையில் காற்றுப்போன சைக்கிளோடு நிற்கும் பிள்ளைக்கு, வழியால் போகும் யாரோ ஒருவரின் உதவியை எதிர்பார்க்க வேண்டிய நிலை வரக்கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், வீட்டு முற்றத்தில் நல்ல ரியூப் ஒன்றை வேண்டுமென்றே கழற்றி, வாளித் தண்ணீரில் அமிழ்த்திக் காட்டி, மகளையே திரும்பப் பூட்ட விடுங்கள். முதல் தடவை ஒரு மணித்தியாலம் எடுக்கும். நான்காம் தடவை கால் மணித்தியாலத்தில் முடிப்பாள்.

கத்தரிக்காய் கொண்டுபோன அந்தத் தாயைத் தை மாதத்தில் மறுபடியும் கண்டோம். சீற்றுக்குக் கீழே பூப்போட்ட சீலையில் தைத்த ஒரு பை தொங்கியது. திறந்து காட்டச் சொன்னோம். வால்கட்டை றப்பர் இரண்டு சாண் இருந்தது. "ஒண்டு எனக்கு, மற்றது றோட்டிலை நிக்கிறவைக்கு, பாதர்" என்றார். அதில் ஒரு சாணை எமது மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் போட்டுவிட்டார்.